கல்லீரல் ஸ்கேன் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் அன்றாட வேலை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் என்ன எழுதியிருக்கீங்க டாக்டர்?" என்று வருபவர்கள் கேட்டதும், பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள் கேட்டதும் இங்கே சேர்ந்திருக்கின்றன. பதில்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரேடியாலஜிஸ்ட் கிளாட் சிர்லினும் அவருடைய கல்லீரல் இமேஜிங் குழுவும் செய்த வேலையைச் சுற்றியே வரும். கல்லீரல் படத்தை நாங்கள் இன்று படிக்கும் முறையில் அந்தக் குழுவின் கை பல இடங்களில் இருக்கிறது.

ரேடியாலஜிஸ்ட் படத்தைப் பார்த்துச் சொல்பவர்தானே? அவருக்கு என்ன ஆராய்ச்சி?

சில வருடங்களுக்கு முன் ஒருவர் இரண்டு அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டுகளை என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே வாரத்தில் இரண்டு ஸ்கேன் சென்டர்களில் எடுத்தவை. ஒன்றில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', மற்றதில் 'கிரேடு 2'. "ஐந்து நாளில் முற்றிவிட்டதா?" என்று கேட்டார். முகத்தில் பயம் தெரிந்தது.

முற்றவில்லை. அல்ட்ராசவுண்டில் கொழுப்புள்ள கல்லீரல் வெளுப்பாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு வெளுப்பு என்று கண்ணால் மதிப்பிட்டுத்தான் கிரேடு போடுகிறோம். மெஷினில் வெளிச்சத்தைக் கூட்டும் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் படம் மாறும். வயிற்றுச் சதையின் கனமும் மாற்றும். பார்க்கிறவர் மாறினால் கிரேடும் மாறலாம். இரண்டு ரிப்போர்ட்டையும் எழுதியவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். அவர்கள் கையில் அளவுகோல் இல்லை, அவ்வளவுதான்.

அந்த அளவுகோலைச் செய்வதுதான் ஆராய்ச்சி. யார் பார்த்தாலும், எந்த ஊர் மெஷினில் எடுத்தாலும், ஒரே கல்லீரலுக்கு ஒரே விடை வர வேண்டும்.

ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடாதா?

பயாப்ஸியில் வரும் துண்டு, கல்லீரலின் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. கொழுப்பும் தழும்பும் கல்லீரல் முழுக்க ஒரே சீராகப் படிவதில்லை. வேறு இடத்தில் ஊசி இறங்கியிருந்தால் வேறு விடை வந்திருக்கலாம். வலி, அரிதாக ரத்தக்கசிவு என்ற ஆபத்தும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாரையும் குத்திக்கொண்டிருக்க முடியாது. அழற்சியின் தன்மையைச் செல் அளவில் பார்க்க பயாப்ஸி இன்றும் தேவை. கொழுப்பு எவ்வளவு, அது கூடுகிறதா குறைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க அது ஏற்ற வழி இல்லை.

எம்.ஆர்.ஐ. கொழுப்பை எப்படி எண்ணுகிறது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எம்.ஆர்.ஐ. காட்டுவது உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சிக்னலை. அவை தண்ணீரிலும் இருக்கின்றன, கொழுப்பிலும் இருக்கின்றன. காந்தப்புலத்துக்குள் இரண்டும் சுழல்கின்றன, ஆனால் கொழுப்பிலுள்ளவை ஒரு துளி மெதுவாக. கோயில் பிராகாரத்தை இரண்டு பேர் சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நடை சற்று வேகம். சேர்ந்து புறப்பட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் கொடிமரத்தருகிலும் மற்றவர் நேர் எதிரே கருவறைக்குப் பின்னாலும் இருப்பார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்று சேர்வார்கள். 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள மெஷினில் இந்தச் சந்திப்பு ஏறத்தாழ 4.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை நடக்கிறது. அதன் பாதியில், 2.3 மில்லி விநாடியில், இரண்டும் எதிரெதிராக நிற்கும்.

சேர்ந்திருக்கும் கணத்தில் படம் எடுத்தால் தண்ணீர் சிக்னலும் கொழுப்பு சிக்னலும் கூட்டலாகும். எதிரெதிரே நிற்கும் கணத்தில் எடுத்தால் கழித்தலாகும். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் முதல் படத்தில் வெளுப்பாக இருந்து, இரண்டாவது படத்தில் சட்டென்று கறுத்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது, விளக்கணைத்த மாதிரி கல்லீரல் மட்டும் இருண்டுபோவதை இன்றும் ஆச்சரியத்தோடுதான் பார்க்கிறேன். 1984இல் தாமஸ் டிக்சன் வெளியிட்ட யோசனை இது. முறையே அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

சரி, யோசனை 1984இலேயே வந்துவிட்டதே, அப்புறம் என்ன பாக்கி? இங்கேதான் இரும்பு குறுக்கே வருகிறது. கல்லீரலில் இரும்புச்சத்து சேர்ந்திருந்தால் சிக்னல் வேகமாகத் தேய்ந்துபோகும். தாமதமாக எடுக்கும் படம் அதனாலேயே கறுக்கும், கொழுப்புக் கணக்கு தப்பாகும். கொழுப்பும் ஒற்றை வேகத்தில் சுழல்வதில்லை. அதன் மூலக்கூறில் வெவ்வேறு இடத்திலுள்ள ஹைட்ரஜன் வெவ்வேறு வேகத்தில் சுழலும். போதாததற்கு, ஒருமுறை தூண்டியபின் கொழுப்பு தண்ணீரைவிட விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புவதால், படம் எடுக்கும் விதத்தைப் பொறுத்து அதன் பங்கு கூடுதலாகத் தெரியும்.

சான் டியேகோ குழு இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்தது. இரண்டு கணத்துக்குப் பதில் ஆறு கணங்களில் சிக்னலை எடுத்து, இரும்பால் வரும் தேய்மானத்தைக் கணக்கிட்டுத் திருத்தினார்கள். கொழுப்பின் எல்லா வேகங்களையும் கணக்கில் சேர்த்தார்கள். மிகக் குறைந்த கோணத்தில் தூண்டி மூன்றாவது பிழையை அடக்கினார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ரீடரின் குழு வேறொரு கணித வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு வழியிலும் கிடைப்பது ஒரு சதவீதம். 'புரோட்டான் அடர்த்திக் கொழுப்புப் பங்கு', சுருக்கமாக பி.டி.எஃப்.எஃப். ஒருமுறை மூச்சை அடக்கும் நேரத்துக்குள் கல்லீரல் முழுக்க எடுத்துவிடலாம்.

என் ரிப்போர்ட்டில் பி.டி.எஃப்.எஃப். 12 சதவீதம் என்று இருக்கிறது. கொஞ்சமா, அதிகமா?

ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு மேல் போனால் கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். 12 லேசான வகை. ஆனால் இந்த 12ஐப் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும் 'முப்பது சதவீதம்' போன்ற எண்ணோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். பயாப்ஸியில் எண்ணுவது, எத்தனை சதவீதம் செல்களில் கொழுப்புத் துளி தெரிகிறது என்று. எம்.ஆர்.ஐ. எண்ணுவது மொத்த சிக்னலில் கொழுப்பின் பங்கை. அதனால்தான் 2013இல் சான் டியேகோவில் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், பயாப்ஸியில் இரண்டாம் கிரேடு தொடங்கும் இடம், அதாவது மூன்றில் ஒரு பங்கு செல்கள், எம்.ஆர்.ஐ.யில் சுமார் 17 சதவீதமாக வந்தது.

சரி, எண் கிடைத்தது. அதனால் நோயாளிக்கு என்ன நன்மை?

மருந்து வேலை செய்கிறதா என்று நேராகச் சொல்ல முடிந்தது. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் கொலிசெவெலாம் மருந்து கல்லீரல் கொழுப்பையும் குறைக்குமா என்று சான் டியேகோவில் சோதித்தார்கள். குறைக்கவில்லை. சற்றுக் கூட்டியிருந்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது, பயாப்ஸி அந்த மாற்றத்தைப் பிடிக்கவில்லை. 2015இல் எசெட்டிமைப் மருந்தை 50 பேரிடம் 24 வாரம் சோதித்த ஆய்வில், டம்மி மாத்திரையைவிட அது மேலாகக் கொழுப்பைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. பயனில்லாத மருந்தை வருடக்கணக்கில் விழுங்காமல் காப்பதும் பெரிய நன்மை.

எனக்கு நெருக்கமான ஆய்வு வேறு. 2019இல் வெளிவந்தது. 11 முதல் 16 வயதுக்குட்பட்ட, கொழுப்புக் கல்லீரல் உள்ள 40 பையன்கள். ஒரு பாதிப் பேருக்கு, சேர்க்கப்படும் சர்க்கரையை அன்றாடக் கலோரியில் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். பையனை மட்டும் கட்டுப்படுத்தாமல் வீட்டில் எல்லோரும் அதே சாப்பாட்டைச் சாப்பிட ஏற்பாடு செய்தார்கள். எட்டே வாரத்தில் அவர்களுடைய கல்லீரல் கொழுப்பு சராசரி 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. வழக்கமான சாப்பாட்டில் இருந்தவர்களுக்கு 21இலிருந்து 20. குழந்தைகளை எட்டு வாரத்துக்குள் இரண்டுமுறை ஊசியால் குத்தி இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? படம் அளவாக மாறியதால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

எல்லோராலும் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதே?

முடியாது. செலவும் கூட, மெஷினும் எல்லா ஊரிலும் இல்லை. அதனால் அதே குழு இல்லினாய் பல்கலைக்கழகத்து அல்ட்ராசவுண்ட் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, சாதாரண அல்ட்ராசவுண்ட் கருவியிலிருந்து திரும்பி வரும் ஒலியை அப்படியே எடுத்து அளந்தது. கொழுப்பு கூடினால் ஒலி அதிகமாகச் சிதறும், உள்ளே போகப்போக வேகமாக மங்கும். அந்தச் சிதறலையும் மங்கலையும் எம்.ஆர்.ஐ. எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். இப்போது வரும் பல அல்ட்ராசவுண்ட் மெஷின்களில் இதுபோன்ற அளவீடு இருக்கிறது. நம் ஊருக்கு இதுதான் வேண்டியது என்று நம்புகிறேன். என் மேஜையில் இருந்த அந்த இரண்டு ரிப்போர்ட்டிலும் கிரேடுக்குப் பதில் இப்படி ஓர் எண் இருந்திருந்தால், அந்த மனிதர் ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்க மாட்டார்.

சிறுநீரகக் கல்லுக்காக, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றாமல் எடுத்த சி.டி. ஸ்கேனிலும் கொழுப்பு தெரியும். கல்லீரலின் அடர்த்தி 40 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு) கீழே இருந்தால் கொழுப்பு கணிசமாக இருக்கிறது. பழைய சி.டி. ஸ்கேன் படம் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

கல்லீரல் 'விறைப்பு' பார்க்கிறார்களே, அது எதற்கு?

கொழுப்பைவிட ஆயுளைத் தீர்மானிப்பது தழும்பு. தழும்பு கூடக்கூட கல்லீரல் கெட்டியாகும். வயிற்றில் கை வைத்து அமுக்கிக் கெட்டியைப் பார்ப்பது பழைய வைத்திய முறை. அந்தக் கையையே மெஷினுக்குள் கொண்டுவந்தது 1995இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் ஏமான் குழு. 'சயன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் முத்துப்பிள்ளை. படிக்கும் தமிழ் மாணவர்கள் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வலது விலாவின் மேல் சிறு மேளம் போன்ற ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துக் கட்டுவார்கள். வெளியே இருக்கும் கருவியிலிருந்து குழாய் வழியாக விநாடிக்கு 60 தடவை அது அதிரும். வலிக்காது, உட்கார்ந்திருக்கும் பஸ் சீட் அதிர்வது போல இருக்கும். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் அலையாகப் போவதை எம்.ஆர்.ஐ. படமெடுக்கும். திரையில் பார்த்தால் குளத்தில் கல்லெறிந்த மாதிரி வரிவரியாக அலைகள். மென்மையான கல்லீரலில் வரிகள் நெருக்கமாக இருக்கும். சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பு முற்றிய கல்லீரலில் அலை வேகமாகப் பாய்வதால் வரிகள் அகலம் அகலமாக விரிந்திருக்கும்.

ஃபைப்ரோஸ்கேனில் ஒரு எண், எம்.ஆர்.ஐ.யில் வேறு எண் வந்தது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஃபைப்ரோஸ்கேன் என்பது அல்ட்ராசவுண்ட் ஒலியைக் கொண்டு விறைப்பை அளக்கும் தனிக் கருவி. இரண்டிலும் அலகு கிலோபாஸ்கல் என்றே போட்டிருக்கும், ஆனால் அளக்கும் பண்பு வேறு. ஃபைப்ரோஸ்கேன் தருவது கோட்பாட்டின்படி எம்.ஆர்.ஐ. தருவதைப்போல மூன்று மடங்கு. ஃபைப்ரோஸ்கேனில் 5 வந்தால் நிம்மதி. எம்.ஆர்.ஐ.யில் 5 வந்தால் அது சிரோசிஸ் அளவு. இணையத்தில் தேடி ஒன்றின் அட்டவணையில் மற்றதன் எண்ணைப் பொருத்திப் பார்த்து மனம் உடைந்து வந்தவர்கள் உண்டு. தயவுசெய்து, எந்தக் கருவி என்று முதலில் பாருங்கள்.

எல்.ஆர்-3, எல்.ஆர்-5 என்றெல்லாம் எழுதுகிறார்களே, அது என்ன?

லை-ராட்ஸ் என்ற முறையின் வகைகள். கல்லீரல் கட்டிகளைப் பற்றி எல்லா ரேடியாலஜிஸ்டுகளும் ஒரே மொழியில் எழுத வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி 2011இல் வெளியிட்டது. அதை உருவாக்கி வளர்த்தவர்களில் சிர்லின் முக்கியமானவர். 2018இல் அமெரிக்கக் கல்லீரல் நோய் ஆய்வுச் சங்கம் தன் வழிகாட்டுதலிலேயே இதை ஏற்றுக்கொண்டது.

இதன் அருமை புரிய, கல்லீரல் புற்றுநோயின் ஒரு தனித்தன்மை தெரிய வேண்டும். கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. கல்லீரல் செல்லிலேயே தொடங்கும் ஹெப்பட்டோசெல்லுலார் புற்றுநோய் பெரும்பாலும் தமனி ரத்தத்தை உறிஞ்சி வளர்கிறது. ரத்தம் போகும் இடத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்தைக் கையில் ஏற்றி அரை நிமிடம் சற்றுக் கடந்ததும் எடுக்கும் படத்தில், சுற்றியிருக்கும் கல்லீரல் இன்னும் மங்கலாக இருக்கும்போதே கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிரும். சில நிமிடம் கழித்து எடுத்தால் தலைகீழ். கல்லீரல் வெளுத்திருக்கும், கட்டியிலிருந்து மருந்து வடிந்து அது கறுத்திருக்கும். சில சமயம் அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம், மோதிரம் போட்டது போல.

சிரோசிஸ் உள்ளவருக்கு 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள கட்டி இப்படி ஒளிர்ந்து, கூடவே வடிதலோ வளையமோ வேகமான வளர்ச்சியோ இருந்தால் அது எல்.ஆர்-5. பயாப்ஸி இல்லாமலேயே சிகிச்சை தொடங்கலாம். கட்டியாக வளரும் புற்றுநோய்களில் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல அனுமதிக்கும் நோய் மிகமிக அபூர்வம். அமெரிக்காவில் மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையில் இடம் தருவதற்குக்கூடப் படத்தையே ஆதாரமாக ஏற்கிறார்கள். அங்கே 'இருக்கலாம்', 'சந்தேகம்', 'மறுக்க முடியாது' என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினால் ஒரு கல்லீரல் யாருக்குப் போகும் என்பதே மாறிவிடும். பழைய ரிப்போர்ட்டுகளில் அந்தச் சொற்களை நானும் எழுதியிருக்கிறேன். படித்த அறுவை மருத்துவர் ஒருவர் "மறுக்க முடியாது என்றால் எத்தனை சதவீதம்?" என்று போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இப்போது பதில் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த கணக்கின்படி எல்.ஆர்-5 என்றால் 94 சதவீதம் அந்தப் புற்றுநோய், எல்.ஆர்-4 என்றால் 74, எல்.ஆர்-3 என்றால் 38.

எல்.ஆர்-3 வந்திருக்கிறது. பயப்படணுமா?

கவனிக்கணும். பத்தில் நான்குக்கும் குறைவான வாய்ப்பு என்று மேலே பார்த்தோம். வழக்கமாக 3 முதல் 6 மாதத்தில் மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள், அதுதான் இதில் சிகிச்சை. எல்.ஆர்-எம் என்று இருந்தால் விஷயம் வேறு. புற்றுநோய் வாய்ப்பு மிக அதிகம், ஆனால் எந்த வகை என்று படத்தால் சொல்ல முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் பயாப்ஸி தேவைப்படும்.

எனக்கு சிரோசிஸ் இல்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கட்டி தெரிந்தது. நானும் லை-ராட்ஸ் பார்க்கலாமா?

கூடாது. அது சிரோசிஸ், நாள்பட்ட ஹெப்பட்டைட்டிஸ் பி, அல்லது ஏற்கெனவே அந்தப் புற்றுநோய் வந்த பெரியவர்களுக்கு மட்டும். ஆரோக்கியமான கல்லீரலில் தற்செயலாகத் தெரியும் கட்டி பெரும்பாலும் ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய் முடிச்சு. ஓரத்திலிருந்து திட்டுத்திட்டாக மருந்து நிறைந்து உள்நோக்கி வருவதை வைத்தே அடையாளம் காணலாம். ஒன்றும் செய்யாது.

சிரோசிஸ் உள்ள என் அப்பாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எதற்கு?

கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடிக்க. ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மாற்றுக் கல்லீரல் நல்ல பலன் தரும் என்பது 1996இல் மிலான் நகரிலிருந்து வந்த கண்டுபிடிப்பு. ரிப்போர்ட்டில் 'விஷுவலைசேஷன் சி' என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கல்லீரல் சரியாகவே தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். 'கட்டி இல்லை' என்ற வரியை அப்போது நம்பி உட்காரக் கூடாது. வேறு படம் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிப்பட்டவர்களுக்காகவே சில வரிசைப் படங்களை மட்டும் எடுக்கும் சுருக்கமான எம்.ஆர்.ஐ.யை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துவருகிறார்கள்.

இனி கம்ப்யூட்டரே எல்லாம் பார்த்துவிடுமா?

கல்லீரலின் எல்லையைத் தானாக வரைந்து கொழுப்பையும் கன அளவையும் கணக்கிடுவதில் நன்றாக உதவுகிறது. கட்டியை வகைப்படுத்துவதில் இன்னும் மனிதக் கண் தேவை.

ஸ்கேனுக்குப் போகும்போது நான் என்ன செய்யணும்?

ஃபைப்ரோஸ்கேனோ எம்.ஆர்.ஐ. விறைப்புச் சோதனையோ என்றால் குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்தம் கூடி எண் ஏறிவிடும். எம்.ஆர்.ஐ.யில் 'மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்க' என்று சொல்வார்கள். வீட்டிலேயே பதினைந்து விநாடி பழகிவிட்டுப் போனால் படம் கலங்காமல் வரும். மூச்சை நிறுத்த முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டெக்னீஷியன் வேறு முறையில் எடுப்பார்.

அப்புறம், பழைய ரிப்போர்ட் காகிதத்தோடு படங்கள் இருக்கும் சி.டி. தட்டையும் கொண்டு வாருங்கள். லை-ராட்ஸில் 'வேகமான வளர்ச்சி' என்பது ஆறு மாதத்துக்குள் கட்டி பாதிக்குப் பாதி பெருப்பது. பழைய படத்தில் 12 மில்லிமீட்டராக இருந்தது இப்போது 18 ஆகியிருக்கிறதா என்று நானே அளந்து பார்க்க, அந்தத் தட்டு என் கையில் இருக்கணும்.